தைப்பூசத்தில் திறந்த கடை

கடை திறக்க எந்த மாதம் உகந்தது என்று யோசித்து யோசித்தே கன்னையாவுக்கு ஒரு வருஷம் ஓடிவிட்டது.

மலாய் நாட்டில் கோடையும் கிடையாது, குளிரும் கிடையாது. சித்திரையிலும் மழை கொட்டும். ஐப்பசியிலும் வெயில் கொளுத்தும். ஆனாலும் கப்பலேறி வந்த நம் ஆட்கள் துணிமூட்டையோடு மாதங்களையும் கட்டி எடுத்துக்கொண்டுதான் வந்திருந்தார்கள். ஆடியில் எதையும் தொடங்கக் கூடாது. புரட்டாசி பெருமாளுக்கு. ஐப்பசியில் தீபாவளிச் செலவு, ஊரில் எவன் கையிலும் காசு நிற்காது. மார்கழி சாமி கும்பிட மட்டும். ஆனி நல்ல மாதம்தான். ஆனால் அவர் பார்த்து வைத்த கடை அப்போது காலியாகவில்லை. ஆவணியில் மனைவி வள்ளியம்மாவுக்கு இடுப்புப் பிடிப்பு. இப்படியே ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டு வந்ததில், அந்தக் குரோதன வருஷத்தில் காரியம் தை மாதத்துக்கு வந்து நின்றது.

கன்னையா அதுவரை கேரி தீவில் ஒரு ரப்பர் தோட்டத்தில், கல்யாணமாகாத கிராணிமார்கள், அதாவது தோட்டத்துக் குமாஸ்தாக்கள், சேர்ந்து நடத்திய மெஸ்ஸில் சமையல்காரராக இருந்தார். கை ருசியான கை. சைவச் சமையல்தான் தெரியும். ஆனால் அதை ஒருமுறை சாப்பிட்டவர்கள் மீன் குழம்பை மறந்துபோவார்கள் என்று கிராணிமார்களே சொல்வார்கள். கோலாலம்பூரில், பிரிக்பீல்ட்ஸில், ரயில்வே ஆட்கள் குடியிருக்கும் தெருவில் ஒரு சைவச் சாப்பாட்டுக் கடை வைக்க வேண்டும் என்பது அவருடைய வெகுநாள் ஆசை. சேர்த்து வைத்ததெல்லாம் அந்தக் கடைக்கே போயிற்று. அவர் புறப்பட்ட அன்று பெரிய கிராணி சிரித்துக்கொண்டே சொன்னார்: "டவுன்ல உன்னை யாருக்குத் தெரியும்? தை முடியற வரைக்கும் வேற ஆள் போட மாட்டேன். வர்றதுன்னா வந்துடு, கன்னையா."

அந்தச் சிரிப்பு கன்னையாவின் நெஞ்சில் முள்ளாகத் தங்கிவிட்டது.

மார்கழிக் கடைசியில் பிரிக்பீல்ட்ஸுக்குக் குடிவந்தார்கள். நாள் பார்க்க அவர் போனது கனகசபையிடம். யாழ்ப்பாணத்துக்காரர், ரயில்வே ஆபீஸில் குமாஸ்தா. ஆண்டுதோறும் ஊரிலிருந்து அவருக்குப் பஞ்சாங்கம் கப்பலில் வரும். கந்தசாமி கோயில் வாசலில் உட்கார்ந்து, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டினார்.

"கன்னையா, இஞ்ச பாரும். வியாழக்கிழமையும் பூச நட்சத்திரமும் சேர்ந்து வருகுது. முதல் போடுறதுக்கு இதைவிடத் திறமான நாள் இந்த வருசத்தில இல்லை."

"தைப்பூசத்தன்னிக்கா ஐயா?"

"ஓம். பிறகென்ன?"

கன்னையாவுக்கு உள்ளம் பொங்கிவிட்டது. கேரி தீவில் தைப்பூசம் என்றால் தோட்டத்துக் கோயிலில்தான் திருவிழா. சுற்றுத் தோட்டத்து ஜனமெல்லாம் அங்கே கூடும். அன்றைக்குக் கடலை விற்பவனுக்குக்கூடக் கை ஓயாது. நல்ல நாளும் கூட்டமும் ஒன்றாக வந்து வாய்க்கிறதென்றால் முருகன் அருள் அல்லாமல் வேறென்ன?

"யாருகிட்டயும் சொல்லாதே" என்று வீட்டுக்கு வந்ததும் வள்ளியம்மாவிடம் சொன்னார். "நாளைச் சொன்னா கண்ணு பட்டுடும்."

"கடை திறக்கிறது சொல்லாம எப்படிங்க சாப்பிட வருவாங்க?"

"திருவிழா நாள்ல சொல்லணுமா? தாளிக்கிற வாசனையே சொல்லும்."

"எதிர்வீட்டு அக்காகிட்ட மட்டுமாவது சொல்றேனே. நல்ல மாதிரி."

"அந்தம்மா வேதக்காரங்க, மாதா கோயிலுக்குப் போறவங்க. அவங்களுக்குத் தைப்பூசமும் ஒண்ணுதான், செவ்வாய்க்கிழமையும் ஒண்ணுதான். வாயை மூடிக்கிட்டு இரு."

தெருவில் போகிறவர்கள், "என்ன அண்ணே, எப்பக் கடை?" என்று கேட்பார்கள். கன்னையா சுவரைக் காட்டி, "சுண்ணாம்பு காயட்டும்" என்பார். பொங்கல் வந்து போயிற்று. சுண்ணாம்பு காய்ந்து உதிரவே தொடங்கிவிட்டது. அப்போதும் அதே பதில்தான்.

தைப்பூசத்தன்று விடியுமுன் எழுந்து, குளித்து, நல்ல நேரத்தில் விளக்கேற்றினார்கள். முருகன் படத்துக்கு முன்னால் தனி இலை போட்டுப் படைத்தார்கள். பெரிய பானையில் சோறு, அண்டா நிறையச் சாம்பார், பூசணிக்காய்க் கூட்டு, மிளகு ரசம், பாயசம். கன்னையா நெற்றி நிறையத் திருநீறும் தோளில் புதுத் துண்டுமாக வாசலில் வந்து நின்றார்.

தெருவெல்லாம் ஜனம். மஞ்சள் வேட்டி, மஞ்சள் சேலை, தலையில் பால்குடம், தோளில் காவடி. அரோகரா என்ற குரல் தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை கேட்டது. கன்னையா கைகூப்பினார். எல்லாரும் ஒரே திசையில் போனார்கள். கோயிலுக்குப் போய்ப் பூசை முடித்து மதியம் பசியோடு திரும்புவார்கள் என்று கணக்குப் போட்டார்.

கடைசியாகக் கனகசபை வந்தார். பட்டு வேட்டி, பின்னால் அவர் மனைவி குணபூசணி, கையில் பழத்தட்டு.

"விளக்கேத்தினீரோ? நல்லது, நல்லது. நாங்கள் வாறம், ரயிலுக்கு நேரமாச்சுது."

"ரயிலா? எங்கே ஐயா?"

"பத்துமலைக்கு, முருகன்ர குகைக் கோயிலுக்கு. ஸ்பெஷல் விடுறாங்கள் எல்லே?"

"எப்பத் திரும்புவீங்க?"

"பொழுதுபட்டுத்தான். சில பேர் நாளைக்குத்தான் வருவினம். இண்டைக்குப் பிரிக்பீல்ட்ஸில ஒரு குஞ்சும் இராது."

கன்னையாவின் தோளிலிருந்த துண்டு நழுவி விழுந்தது. "ஐயா! நீங்கதானே இந்த நாளைச் சொன்னீங்க!"

கனகசபை ஒரு கணம் திகைத்துப் பானைகளைப் பார்த்தார். பிறகு மெல்லச் சொன்னார்: "நீர் நாள்தானே கேட்டீர், கன்னையா. ஆக்கள் இருப்பினமோ எண்டு கேக்கேல்லையே. விளக்கு மட்டும் ஏத்துவீர் எண்டு நினைச்சன். இவ்வளவு சோறு வடிப்பீர் எண்டு எனக்கெப்படித் தெரியும்?"

அவர் போன பிறகு தெரு வெறிச்சென்று ஆயிற்று. ஒரு காக்கை நடுத்தெருவில் நிதானமாக நடந்து போயிற்று. தெருவையே தனக்குப் பட்டா போட்டுக் கொடுத்ததைப் போல அது போன தோரணையைப் பார்த்து வள்ளியம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. கன்னையாவின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டாள்.

கன்னையா பெஞ்சியில் உட்கார்ந்தார். "பொழுது சாயறதுக்குள்ள ஒரே ஒரு போணியாவது ஆகணும் வள்ளி. முதல் நாள் போணி ஆகாத கடை எடுபடாது. ஆகலைன்னா, இதுதான் முருகன் சொல்ற பதில். கேரி தீவுக்கே போயிடுவோம். பெரிய கிராணி சிரிக்கட்டும்."

"ஒரு போணிதானே, ஆகும்."

"காசு வாங்கிப் போணி ஆகணும். அதுக்கு முந்தி யாருக்கும் சும்மா ஒரு பிடி கொடுத்துடாதே. அப்புறம் நாள் பூரா சும்மாவே போகும்."

உச்சி வெயில் ஏறியது. அப்போதுதான் எதிர்வீட்டுக் கதவு திறந்தது. மகதலேனா ஒரு பித்தளைத் தூக்கோடு தெருவைக் கடந்து வந்தாள். அவள் கணவர் லியனார்ட் ரயில் என்ஜின் ட்ரைவர். அன்று பத்துமலை ஸ்பெஷல் ஓட்டுவதே அவர்தான். மகதலேனா வாசலில் தயங்கி நின்றாள்.

"வள்ளியம்மா, கடை திறந்துட்டீங்களா? சொல்லவே இல்லையே! எங்க வீட்டுக்காரர் தம்பி கிரிகரிக்கு ஒரு வாரமா மலேரியாக் காய்ச்சல். வாயில ஒண்ணும் வைக்க மாட்டேங்கிறான். நீங்க ரசம் தாளிச்ச வாசனை சன்னல் வழியா வந்துச்சு. கண்ணைத் திறந்து, 'அண்ணி, அந்த ரசம் வேணும்'ங்கிறான். நான் வச்சுத் தரேன்னா, 'நீங்க வச்சா அந்த வாசனை வராது'ங்கிறான், கொழுப்பைப் பாருங்க! ஒரு தூக்கு ரசமும் கொஞ்சம் குழைஞ்ச சோறும் கொடுங்க. என்ன விலை?"

உள்ளே இருந்த கன்னையா எழுந்தே நின்றுவிட்டார். போணி! முருகா, வேதக்கார வீட்டிலிருந்து அனுப்பினாயா!

வள்ளியம்மா தூக்கை வாங்கி ரசத்தை ஊற்றினாள். சோற்றைக் கரண்டியால் மசித்து, மேலே கொஞ்சம் நெய் விட்டாள். மகதலேனா சேலை முனையிலிருந்து காசை அவிழ்த்தாள்.

"முடிஞ்சு வைங்கக்கா" என்றாள் வள்ளியம்மா. "காய்ச்சக்காரர் வாய்விட்டுக் கேட்ட ரசத்துக்கு விலையா சொல்வாங்க? நல்லா எழுந்து வந்து இங்கே உக்காந்து சாப்பிடட்டும், அன்னிக்கு வாங்கிக்கிறேன்."

மகதலேனா எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. அவள் போனதும் வள்ளியம்மா திரும்பினாள். கன்னையா வாயைத் திறந்தபடி நின்றார்.

"என்னை வையணும்னா வையுங்க" என்றாள். "கை நீட்டி வாங்க மனசு வரலை."

கன்னையா வையத்தான் நினைத்தார். ஆனால் எதிர்வீட்டுச் சன்னலிலிருந்து ஒரு குரல், பலவீனமாக, "அண்ணி, இன்னும் கொஞ்சம்" என்று கேட்டது. சமையல்காரன் காதுக்கு அந்தச் சொல்லைவிட இனிமையானது ஒன்றும் இல்லை. வாயை மூடிக்கொண்டு பெஞ்சியில் உட்கார்ந்தார்.

வெயில் சற்றுத் தாழ்ந்தபோது ஒரு சீன ரிக்‌ஷாக்காரர் வந்து, கடை நிழலில் வண்டியை நிறுத்திக் குந்தினார். எலும்பும் தோலுமான மனிதர். வியர்வை காய்ந்து முதுகில் உப்புப் பூத்திருந்தது. கன்னையா ஆவலோடு எட்டிப் பார்த்தார்.

"தவுக்கே, சுடா மாக்கான்?" முதலாளி, சாப்பிட்டாயிற்றா என்று தனக்குத் தெரிந்த மலாயில் கேட்டார்.

அந்த மனிதர் தலையசைத்தார். "பெலும்" என்றார், இன்னும் இல்லை என்று. பிறகு வெறிச்சோடிய தெருவைக் காட்டினார். ரயில் ஓசை வருவதுபோல் வாயால் ஊதிக் காட்டினார். இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டிச் சிரித்தார். ஊரே ரயிலேறிப் போய்விட்டது, காலையிலிருந்து ஒரு சவாரி இல்லை.

கன்னையா அந்த விரிந்த கைகளையே பார்த்தார். தன்னைப் போலவே இவருக்கும் இன்று போணி ஆகவில்லை. தனக்காவது உள்ளே அண்டா நிறைய இருக்கிறது. திரும்பி வள்ளியம்மாவைப் பார்த்தார். அவள் இந்த முறை அவர் முறை என்று விட்டுவிட்டவளைப் போலக் கரண்டியைத் துடைத்துக்கொண்டு இருந்தாள்.

கன்னையா எழுந்தார். ஒரு தலைவாழை இலையைக் கழுவிப் பெஞ்சியின் முன் போட்டார். "மாரி, மாக்கான்" என்றார், வந்து சாப்பிடுங்கள் என்று கைகாட்டியபடி. சீனர் மறுபடி உள்ளங்கையை விரித்துக் காட்டினார். கன்னையாவும் தன் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அந்த மனிதர் சாப்பிட்ட சாப்பாட்டைப் பார்க்க வேண்டும். கூட்டை முதலில் விரலால் தொட்டு நக்கினார். அப்புறம் தலை நிமிரவே இல்லை. பாயசம் வந்தபோது மட்டும் ஏதோ சீனத்தில் நீளமாகச் சொன்னார். ஒரு சொல்லும் புரியாவிட்டாலும் கன்னையாவுக்கு எல்லாம் புரிந்தது. கை கழுவிய பிறகு அவர் போய்விடவில்லை. தெருக்குழாயிலிருந்து வாளி வாளியாகத் தண்ணீர் கொண்டுவந்து, கடையின் பின்னாலிருந்த பீப்பாயை விளிம்புவரை நிரப்பிவிட்டுத்தான் வண்டியை எடுத்தார்.

சூரியன் இறங்கிற்று. போணி ஆகவில்லை.

வள்ளியம்மா விளக்கை ஏற்றினாள். கன்னையா கும்பிட்டு நின்றார். மனம் கனத்துப் போயிருக்க வேண்டும் என்று அவருக்கே தோன்றியது. ஆனால் அப்படி இல்லை. பகல் முழுவதும் காசுப் பெட்டியைப் பார்த்த நேரத்தில்தான் பாரமாக இருந்தது. இலை போட்ட நேரத்தில் இல்லை. தோற்றுப் போனவனுக்கு இப்படி ஒரு நிம்மதி வருமா? முருகனைக் கேட்டார். முருகன் வழக்கம்போல மயிலோடு புன்னகை செய்துகொண்டிருந்தார்.

"ஆகலை வள்ளி" என்றார்.

"ஆகலைதான். சோறு மட்டும் வீணாகக் கூடாது. வர்றவங்களுக்குப் போட்டுடுவோம். காலையில மூட்டை கட்டறதைப் பத்திப் பேசலாம்."

தெருமுனையில் பூட்ஸ் சத்தம் கேட்டது. லியனார்ட் வீட்டுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு நேரே கடைக்கு வந்தார், முகமெல்லாம் கரி, கண் மட்டும் வெள்ளை. கூடவே கரி தள்ளுபவர், கார்டு, டிக்கெட் பார்ப்பவர் என்று நாலைந்து பேர்.

"அண்ணே! வீட்டுக்காரி எல்லாத்தையும் சொன்னா. கிரிகரி எழுந்து உக்காந்துட்டான் அண்ணே, ஒரு வாரத்துக்கு அப்புறம்! விடியக்காலம் ஏறினது, இப்பத்தான் இறங்கறோம். பத்துமலைக்கும் இங்கேயுமா மாவரைக்கிற மாதிரி. ஒரு கடை இல்லை, ஒரு வாய்ச் சோறு இல்லை. இருக்குதா?"

"அண்டா அண்டாவா இருக்குது தம்பி, உக்காருங்க."

லியனார்ட் உட்காரவில்லை. துண்டை முறுக்கிக்கொண்டு தயங்கினார். "கோவிச்சுக்காதீங்க அண்ணே. இது சாமிக்குப் படைச்சதா? படைச்சதுன்னா எங்களுக்கு ஆகாது. பாதருக்குப் பதில் சொல்லணும்."

கன்னையாவுக்குக் கோபம் வரவில்லை. பசித்த வயிற்றோடு நின்றுகொண்டும் தன் கடவுளுக்குக் கொடுத்த வாக்கை நினைக்கிற மனிதரை எப்படிக் கோபிப்பது? "படைச்ச இலை தனியா அங்கே இருக்குது தம்பி. இது பானைச் சோறு. பசிக்கு வடிச்சது. தைரியமாச் சாப்பிடுங்க."

சாப்பிட்டார்கள். சாம்பார் இரண்டாம் முறை, மூன்றாம் முறை போயிற்று. "டேய், பானையையும் முழுங்கிடாதே" என்று கார்டு கரி தள்ளுபவரைக் கேலி செய்தார்; அவர், "நாள் பூரா என்ஜினுக்குப் போட்டேன், இப்ப எனக்குப் போட்டுக்கறேன்" என்றார். கை கழுவியதும் எல்லாரும் பையைத் துழாவினார்கள். கன்னையா தலையசைத்தார்.

"ஊர் ஜனத்தையெல்லாம் சாமிகிட்டக் கொண்டுபோய்ச் சேர்த்துட்டு, நீங்க பட்டினியா வந்திருக்கீங்க. இன்னிக்கு வேண்டாம்."

"இப்படிக் கடை நடத்தினா அடுத்த வாரம் சுவர் மட்டும்தான் நிக்கும்" என்று லியனார்ட் சிரித்தார். பிறகு அருகில் வந்து உட்கார்ந்தார். "அண்ணே, காரியமாப் பேசறேன். நாளைக்கு வெள்ளிக்கிழமை. எங்களுக்கு இறைச்சி ஆகாது. மீன் தின்னலாம், ஆனா வெள்ளிக்கிழமைன்னா பாசார்ல மீன் வாலுக்குக்கூடத் திமிர் வந்துடும். இன்னும் மூணு வாரத்துல சாம்பல் புதன். அதுக்கப்புறம் நாப்பது நாள் தவக்காலம், கவிச்சியே தொட மாட்டோம். இந்த ரயில்வே வரிசையில வேதக்கார வீடு எத்தனைன்னு தெரியுமா? ஷெட்ல நாங்க சாப்பிடற மெஸ்ல எல்லாக் குழம்புக்கும் ஒரே அகப்பை. ஒவ்வொரு வருஷமும் சுத்தச் சைவமா ஒரு கடை இருக்காதான்னு அலையறோம். நீங்க என்னடான்னா சரியா தவக்காலத்துக்கு முன்னால வந்து திறந்திருக்கீங்க. யாரு நாள் பார்த்துக் கொடுத்தா?"

கன்னையா பதில் சொல்லுமுன் வாசலில், "நான்தான்" என்ற குரல் கேட்டது. கனகசபையும் குணபூசணியும் வெறுங்காலோடு, புழுதியோடு நின்றார்கள். காலையிலிருந்து இந்தக் கடையின் நினைப்பு உறுத்தியதில் நேரே இங்கேதான் வந்திருந்தார்கள். "ஆனால் தவக்காலம் எங்கட பஞ்சாங்கத்தில இல்லை. அது இந்தத் தம்பியின்ர கடவுள் பார்த்தது. போணி ஆச்சுதோ, கன்னையா?"

"இல்லைங்கய்யா."

"நாளைக்கு மத்தியானம் நாங்க பன்னெண்டு பேரு வரோம்" என்றார் லியனார்ட். "காசு வாங்கினாத்தான் உக்காருவோம். அதைப் போணியா வச்சுக்குங்க."

கனகசபை முகம் சுருங்கிற்று. சொல்லாமல் விடவும் அவருக்கு மனசு வரவில்லை. "நாளைக்கு ஆயிலியம். ஆயிலியத்தில முதல் வியாபாரம் வேண்டாம். மாசி பிறந்தபிறகு ஒரு நாள் இருக்குது. அதுவரைக்கும் பொறும்."

எல்லாரும் கன்னையாவைப் பார்த்தார்கள். ஒரு வருஷம் மாதம் மாதமாகத் தள்ளிவைத்த மனிதர் அவர். இன்னும் சில நாள் பொறுப்பது அவருக்குப் பெரிய காரியமா? ஆனால் அவர் கண்முன் வந்ததெல்லாம் நாளைய மத்தியானம்தான்: ஷெட்டிலிருந்து இவர்கள் கரிமுகத்தோடு வருவார்கள், கதவு சாத்தியிருக்கும், சுண்ணாம்பு காயட்டும் என்று தான் உள்ளே உட்கார்ந்திருக்க வேண்டும்.

"ஐயா, நீங்க சொல்றது பொய்யாகாது" என்று கும்பிட்டபடி சொன்னார். "நல்ல நாள் இன்னிக்கே வந்துட்டுது. காலையில விளக்கேத்தினதுலேர்ந்து ஏழெட்டுப் பேரு பசி இந்த இடத்துல ஆறியிருக்குது. கடை இன்னிக்கே ஆரம்பமாயிட்டுதுன்னு எனக்குத் தோணுது. நாளைக்கு நடக்கிறது ரெண்டாம் நாள் வியாபாரம். ரெண்டாம் நாளுக்கு நட்சத்திரம் பார்க்கணுமா?"

கனகசபை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பஞ்சாங்கத்தை மனசுக்குள்ளே புரட்டுகிறவர்போல வெகுநேரம் துடைத்தார்.

"ரெண்டாம் நாளுக்குப் பார்க்கிறதில்லைத்தான்" என்றார் கடைசியில். "சரி. விரதம் முடிச்சு இன்னும் ஒண்டும் சாப்பிடேல்லை. எங்கள் ரெண்டு பேருக்கும் இலை இருக்குதோ?"

குணபூசணி அதற்குள் உள்ளே போய் வள்ளியம்மாவோடு இலை கழுவத் தொடங்கிவிட்டாள். தெருவில் பத்துமலையிலிருந்து திரும்பியவர்கள் இருவர் மூவராக வந்துகொண்டிருந்தார்கள். வெளிச்சத்தைக் கண்டு நின்றார்கள். பூரண நிலவில் அவர்கள் நெற்றித் திருநீறு பளிச்சிட்டது.

கன்னையா லியனார்டை வாசல்வரை கொண்டுவிட்டார்.

"பன்னெண்டு பேருன்னீங்களே தம்பி, கரி தள்ளறவரை ரெண்டாக் கணக்குப் பண்ணிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, நாளைய சாம்பாருக்குப் பருப்பு எடுக்க உள்ளே போனார்.